எண்பத்தேழு

மறுபடியும் நாலு. பச்சை டிக், பக்கத்தில் நாலு, அதாவது எல்லாம் சரி. சரியான விடை வந்ததற்காக அழுகை முட்டுகிற ஆள் இந்த மாடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தப்பாக வா, சனியனே, ஒரே ஒரு தடவை தப்பாக வந்து தொலை. இத்தனை வருஷமாக இந்த கம்பைலர் தப்புச் செய்யாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம், இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்து அது தப்புச் செய்ய வேண்டும் என்று கோனியம்மனிலிருந்து தண்டு மாரியம்மன் வரைக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். கம்பைலர் என்றால் ஒன்றும் பெரிய வித்தையில்லை, மனிதர்கள் எழுதுகிற நிரலைச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும், மாற்றும்போதே தேவையில்லாததை வெட்டி, இடத்தை மிச்சம் பிடித்து, வேகமாக ஓடும்படி சுருக்கியும் கொடுக்கும். சுருக்குவதில்தான் எங்கள் பெயர். என் மாமனாருக்கு இதை நாலு தடவை விளக்கியிருக்கிறேன், அவர் இன்றுவரை என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் என்றுதான் தன் ஊரான கோபியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஒரு திருப்புளியை எடுத்துப் பின்பக்கத்தைக் கழற்றி, இதோ இந்த வயர் கருகியிருக்கிறது பாருங்கள் என்று கொண்டுபோய் அந்த ஆஸ்பத்திரி எம்.டி. மேஜைமேல் போட்டிருக்கலாம். எனக்கு வாய்த்தது கருகாத வயர். எங்கே தொட்டாலும் சரியாக இருக்கிறது, நாலு நாலு என்று பச்சையாகச் சிரிக்கிறது, மூன்றரைக்கு விசாரணைக்குப் பரிமளாவை உள்ளே கூப்பிடுவார்கள்.

பரிமளா என் மனைவி, குழந்தைகள் வார்டில் நர்ஸ். செவ்வாய்க்கிழமை அன்னூர்க் குழந்தைக்கு, அவளுக்கு எல்லாக் குழந்தையும் ஊர்ப் பெயரில்தான், அன்னூர்க் குழந்தை, காரமடைக் குழந்தை, அந்த அன்னூர்க் குழந்தைக்குச் சிரிஞ்ச் பம்ப் மாட்டியிருந்தது. சிரிஞ்சைப் பொருத்தி இத்தனை மில்லி, இத்தனை மணி நேரம் என்று அழுத்திவிட்டால் அந்தப் பெட்டி தானாக மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும். அவள் நாலு என்று அழுத்தினாள். திரும்பி வந்து பார்த்தபோது மீதி எண்பத்தேழு என்று நின்றது, எண்பத்தேழு மில்லியையும் அதே நேரத்துக்குள் தள்ளி முடிக்க வேண்டும் என்று பம்ப் சிரிஞ்சை ஓட்ட ஓட்டமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தவள் இவள்தான், டாக்டரைக் கத்திக் கூப்பிட்டவளும் இவள்தான், குழந்தை இன்று காலையில்தான் ஐசியூவில் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடியது. அதுவரை இவளும் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. பம்பின் உள்ளே ஒரு பதிவு இருக்கிறது, எப்போது எவ்வளவு என்று தானே எழுதிக்கொள்வது. அதிலும் எண்பத்தேழு. இயந்திரம் பொய் சொல்லாது சிஸ்டர், நீங்கள்தான் தூக்கக் கலக்கத்தில் எதையோ அழுத்தியிருக்கிறீர்கள், ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள், இல்லையென்றால் நர்ஸிங் கவுன்சிலுக்கு எழுதுவோம், நர்ஸ் என்கிற பதிவே போய்விடும், அப்புறம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது. இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம், எம்.டி. அறையில் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்களாம். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். "நாலுதானுங்க அழுத்துனேன். குழந்தை கையை மடக்கிருச்சு, குழாய் அடைச்சு அலாரம் அடிச்சுது, அமத்திட்டுக் கையை நிமுத்துனேன், மறுக்கா அடிச்சுது, மறுக்கா அமத்துனேன், பக்கத்துக் கட்டில்ல ஒண்ணு வாந்தி எடுத்துது, தொடச்சுட்டுத் திரும்பறேன், எண்பத்தேழுன்னு நிக்குது." பம்பின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். அந்தப் பம்ப் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர், அவர்கள் நிரலைச் சிப்புக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் கம்பைலர், அந்த நிரலின் ஒரு நகல் எங்கள் சோதனைக் கிடங்கில் மற்ற நூற்றுக்கணக்கான நிரல்களோடு தூங்கிக்கொண்டிருக்கிறது.

ஆக இரண்டில் ஒன்று. கம்பைலர் சரி என்றால் பரிமளா தப்பு. பரிமளா சரி என்றால் கம்பைலர் தப்பு. பம்ப் கம்பெனிக்காரன் எழுதியதில் தப்பிருக்கலாமே என்று முதல் நாளே வரிவரியாகப் படித்தாயிற்று, அவன் எழுதியது துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, பாவி. நடுவில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒவ்வொரு தடவை இந்த நாலு வரும்போதும் அது சோதனை முடிவாகத் தெரியவில்லை, யாரோ என் காதருகில் வந்து உன் பெண்டாட்டிதான் அந்தக் குழந்தையைக் கொல்லப் பார்த்தாள் என்று நிதானமாகச் சொல்கிற மாதிரி இருக்கிறது. நான் அவளை நம்புகிறேன். நம்புகிறவன் எதற்கு இரண்டு நாளாக அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். நாலு அழுத்தினாய், சரி, எந்த விரலால்? நாலுக்குப் பிறகு எதையாவது தொட்டாயா? எண்பத்தேழா, எழுபத்தெட்டா? நல்லா ஞாபகம் இருக்குதா? ஒரு ஃபோட்டோ எடுத்திருக்கக் கூடாதா? முதல் தடவை அவள் பட்டென்று பதில் சொன்னாள். மூன்றாவது தடவை யோசித்துச் சொன்னாள். நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, "எண்பத்தேழுன்னுதான் நெனைக்கறேன்" என்றாள். நினைக்கிறேன் என்றாள். அதற்கு முன்னால் அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்து, பார்த்தாயா இவளுக்கே உறுதியில்லை என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் குறித்தும் வைத்துக்கொண்டேன். பிழை பிடிக்கிறவன் புத்தி அப்படி, சொந்த வீட்டிலும் சும்மா இருக்காது.

ஆனால் காலையில் தப்பாக வந்ததே. வந்தது, நான் பார்த்தேன். பம்ப் மாதிரியே நடிக்கிற ஒரு நிரலில் இதை ஓட்டி, அலாரம் அடிக்க வைத்து, மவுஸால் அமர்த்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து மேஜைத் தாவூத் பின்னாலிருந்து காப்பிக்குக் கூப்பிட்டான், இரு வருகிறேன் என்று கையாட்டினேன், திரும்பினால் நாலு இருக்க வேண்டிய இடத்தில் நூற்று ஒன்று. சிவப்பில். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். உடனே என்ன செய்தேன், எங்கள் சாதிக்காரன் எவனும் செய்கிற அதே காரியத்தைச் செய்தேன், உள்ளே என்ன நடக்கிறதென்று பார்ப்பதற்காக அந்த அளவைத் திரையில் அச்சடித்துக் காட்டு என்று நடுவில் ஒரு வரி சேர்த்தேன். சேர்த்து ஓட்டினேன். நாலு. மறுபடி ஓட்டினேன். நாலு. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் யோக்கியன் ஆகிவிடுகிற பிழை. சரி போ என்று அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினால் அப்போதும் நாலு. அதிலிருந்து நாலு, நாலு, நாலுதான். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நூற்று ஒன்றா, நூற்றுப் பத்தா? சிவப்புதானா? வேறு ஏதோ சோதனையின் விடையைப் பார்த்துவிட்டேனா? ஒரு படம் பிடித்து வைத்திருக்கலாம், விரலை ஒரு தடவை அசைத்திருந்தால் போதும், தோன்றவில்லை. ஒரு ஃபோட்டோ எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டவனுக்கு ஏசி அறையில், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தோன்றவில்லை. அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒன்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் மேனேஜர் நளினி மேடம் என் தடுப்புக்கு மேலே முகத்தைக் காட்டுகிறார். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், எனக்குத்தான் மேடம் என்று வாயில் வந்துவிடும். "மூர்த்தி, ரிலீஸுக்கு உங்க பக்கம் ஒண்ணும் பாக்கி இல்லையே?" "இல்லைங்க, ஒண்ணு மட்டும் பாத்துட்டிருக்கேன்." "கஸ்டமர் யாராச்சும் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்களா?" "இல்லைங்க." "அப்ப அதை ஏன் பாக்கறீங்க?" நல்ல கேள்வி. என் வீட்டுக்காரி பொய் சொல்கிறாளா என்று பார்க்கிறேன் மேடம். உங்கள் கம்பைலர் ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்ததா என்று பார்க்கிறேன். எது பரவாயில்லை உங்களுக்கு? "சும்மா ஒரு சந்தேகம்" என்கிறேன். அவர் என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுப் போகிறார். யாரோ எலுமிச்சை சாதத்தைச் சூடுபண்ணுகிறார்கள், என் டப்பா இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. தலைக்கு நேர் மேலே ஏசி, கழுத்து விறைத்துப் போயிருக்கிறது. ஃபோன் அதிர்கிறது, அவள்தான். "வெளிய பெஞ்சில உக்காத்தி வெச்சிருக்காங்க. கூப்புடுவாங்களாட்டக்குது." குரல் சின்னதாக இருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், என்ன கேட்பதென்று தெரியாமல். "ஏங்க, ஒருவேளை நாந்தான் எண்பத்தேழுன்னு அழுத்திட்டனோ" என்கிறாள். அந்த இடத்தில் ஒரு புருஷன் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். இல்லை, நீ அழுத்தவில்லை. மூன்று சொல், காசா பணமா. என் வாயில் வந்தது, "கொஞ்சம் பொறு, பாத்துட்டிருக்கேன்." அவள் சரிங்க என்று வைத்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். இவளையா, கம்பைலரையா?

வேலையை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் பக்கத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன? சரவணம்பட்டியிலிருந்து அரை மணி நேரம், காந்திபுரம் சிக்னலில் நின்றாலும் போய்விடலாம். போய்? கையை வீசிக்கொண்டு போய் என் மனைவி நல்லவள் என்று சொன்னால் எம்.டி. இன்னொரு டீ சொல்வார். கையில் ஏதாவது வேண்டும். எண்பத்தேழு. இந்த எண்ணைப் பற்றியே யாரும் யோசிக்கவில்லையே, எண்பத்தேழு மில்லி என்று எந்த நர்ஸாவது அழுத்துவாளா, அந்தச் சிரிஞ்சே அவ்வளவு பிடிக்காது. தவறுதலாக விரல் பட்டால் நாற்பது வரலாம், நாற்பத்துநாலு வரலாம், எட்டும் ஏழும் நாலுக்குப் பக்கத்தில்கூட இல்லை. அப்படியென்றால் அது எங்கிருந்தோ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்த எண். வேறு எதனுடையதோ. அந்த நாலு ஓர் இடத்தில் இருந்தது, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது, ஆள் மாறாட்டம், ஒருத்தர் கட்டிலில் இன்னொருத்தர். கட்டில். சேவியர் அண்ணன். எனக்கு ஏன் இப்போது சேவியர் அண்ணன் முகம் வருகிறது, சூளைமேட்டு அறை, முதல் வேலை, ஒரே கட்டிலுக்கு இரண்டு பேரிடம் வாடகை வாங்கிய வீட்டுக்காரர். சேவியர் அண்ணன் அச்சகத்தில் ராத்திரி ஷிப்டு, நான் பகல் வேலை, நான் எழுந்து போனால் அவர் வந்து படுப்பார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அறையில் இருக்கப் போவதே இல்லை, அப்புறம் எதற்கு இரண்டு கட்டில் என்பது வீட்டுக்காரர் கணக்கு. நல்ல கணக்குத்தான், மாதக்கணக்கில் ஓடியது, எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகாமல் போர்த்திப் படுத்திருக்கிற வரைக்கும். அவர் காலையில் கண்ணில் தூக்கத்தோடு வந்தார், விளக்குப் போடவில்லை, கட்டில் காலிதானே என்று பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே என் மேலேயே படுத்துவிட்டார். எண்பது கிலோ. இரண்டு பேரும் அலறிய அலறலில் வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

எங்கள் கம்பைலரும் அதைத்தானே செய்கிறது. பம்பின் சிப்பில் இடம் கொஞ்சம், அதனால் ஒரு மதிப்பு எப்போது பிறக்கிறது, கடைசியாக எப்போது தேவைப்படுகிறது என்று கணக்குப் போட்டு, இவன் வேலை முடிந்தது என்று தெரிந்ததும் அவன் இடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடும். அச்சடித்துக் காட்டு என்று நான் ஒரு வரி சேர்த்தால் அந்த மதிப்பு இன்னும் தேவைப்படுகிறது என்று கம்பைலருக்குத் தெரிந்துபோகும், இடத்தை யாருக்கும் கொடுக்காது, அதனால்தான் யோக்கியன் வேஷம். ஆக கட்டில் ஒன்று, ஆள் இரண்டு, ஒருத்தன் அந்த நாலு, இன்னொருத்தன் யார்? என்றைக்கு இருவரும் ஒன்றாக வீட்டில் இருக்கிறார்கள், எனக்குக் காய்ச்சல் வந்த நாள் மாதிரி, வழக்கமாக நடக்காத ஒன்று, யாரும் எதிர்பாராதது. மறுக்கா அடிச்சுது, மறுக்கா அமத்துனேன். ஐயோ. அவள் சொன்னாள். முதல் நாளே, செருப்பைக் கழற்றாமல், அலாரம் இரண்டு தடவை அடித்தது என்று சொன்னாள், நான் எந்த விரல் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் சோதனை முழுக்க ஒரே தடவை அடிக்கவிட்டு ஒரே தடவை அமர்த்திக்கொண்டிருக்கிறேன், காலையில் தாவூத் கூப்பிட்டபோது கவனமில்லாமல் விட்டதில் அது இரண்டாவது தடவை அடித்திருக்கும், கை தானாக அமர்த்தியிருக்கும். ஓட்டு. நாலு. அலாரம். அமர்த்து. அமர்த்தினால் இரண்டு நிமிஷத்துக்குச் சத்தம் போடாது, அந்த இரண்டு நிமிஷத்தை நொடி நொடியாக நூற்று இருபதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணி முடிப்பதற்குள் மறுபடி அலாரம். மறுபடி அமர்த்து. ஓடவிடு. தொண்ணூற்று மூன்று.

தொண்ணூற்று மூன்று, சிவப்பில். இந்தத் தடவை படம் பிடித்தேன், ஃபோனிலும் பிடித்தேன், ஒரு தாளை எடுத்து எழுதியும் வைத்தேன், பைத்தியக்காரன் மாதிரி. மில்லி இல்லை அது, நொடி. மருந்தின் மீதி இருக்க வேண்டிய கட்டிலில் அலாரத்தின் மிச்ச நொடி வந்து படுத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் முதல் அலாரத்தை அமர்த்தி, அந்தக் குழந்தையின் கையை நிமிர்த்தி, முப்பத்து மூன்று நொடி ஆனபோது அது மறுபடி அடித்திருக்கிறது. நூற்று இருபதில் முப்பத்து மூன்று போனால் எண்பத்தேழு. அவள் பார்த்தது எண்பத்தேழுதான், எழுபத்தெட்டில்லை, அவள் கண்ணில் பிசகில்லை, விரலில் பிசகில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது, சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது, தாவூத் எட்டிப் பார்க்கிறான். "என்னண்ணே, சரியாயிருச்சா?" "தப்பாயிருச்சுடா" என்கிறேன். அவனுக்குப் புரியவில்லை, கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். மணி மூன்று இருபது. ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன், அவள் பெயர்மேல் விரல் வந்துவிட்டது. அப்புறம் இந்தப் பாழாய்ப்போன தொழில் புத்தி. காலையிலும் ஒரு தடவை வந்தது, பிறகு போய்விட்டதே. இதுவும் போய்விட்டால்? காரணம் இதுதான் என்று எப்படித் தெரியும், தெரிகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். பிழையைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு, சரிசெய்து காட்டுவது. சரிசெய்ததும் போக வேண்டும், சரிசெய்ததை எடுத்ததும் வர வேண்டும், அப்போதுதான் அது நிரூபணம், அதுவரை வெறும் பேச்சு. வெறும் பேச்சோடு அவளை உள்ளே அனுப்ப மாட்டேன். முழுதாகக் கொடுப்பேன். இந்தாருங்கள் என்று மேஜைமேல் போடுகிற மாதிரி.

சரிசெய்வதும் பெரிய வேலையில்லை, சிரிப்பாக இருக்கிறது, இரண்டு நாள் என்னைக் கொன்றது ஒரே ஒரு வரி. எந்த மதிப்பு எதுவரை தேவை என்ற கணக்கை ஓர் இடத்தில் போடுகிறார்கள், அதற்குப் பிறகு வேகத்துக்காக நிரலில் திரும்பத் திரும்ப ஓடுகிற சுற்றுகளைக் கொஞ்சம் மாற்றி அடுக்குகிறார்கள், மாற்றிய பிறகு கணக்கை மறுபடி போட வேண்டும், போடவில்லை. சுற்று இன்னொரு தடவை திரும்பி வந்து அதே மதிப்பைக் கேட்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த இடத்தை எழுதியது யார் என்று பார்க்க ஒரு கட்டளை போதும், நான் பார்க்கவில்லை, இப்போது வேண்டாம். வரியைச் சேர்த்தேன். கட்டட வேலை தொடங்கியது, அதாவது கம்பைலரையே முதலிலிருந்து மறுபடி கட்ட வேண்டும், எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் இருபது நிமிஷம் இழுக்கும். திரையின் கீழே ஒரு கோடு ஊர்கிறது. நானும் அதோடு ஊர்கிறேன். ஐந்து சதவீதம். அவள் அந்த பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பதினொன்று. உள்ளே கூப்பிட்டிருப்பார்களா? பெரிய ஆஸ்பத்திரி, எந்தக் கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது. முப்பது. ஃபோன் மேஜையில் அதிர்கிறது, பரிமளா. எடுத்தால் என்ன சொல்வது, கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றா? உறுதியாங்க என்பாள். உறுதியில்லை என்று மறுபடியும் ஒரு தடவை அவளிடம் சொல்ல என்னால் முடியாது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன், அதிர்வு அடங்கியது. கொஞ்ச நேரந்தான் அம்மிணி, முழுசாகச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு. நாளைக்கே நளினி மேடத்திடம் எழுதிக் கொடுத்து, பம்ப் கம்பெனியிடம் சொல்லி, அவர்கள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, அந்த எம்.டி. அவளை அதே அறைக்குக் கூப்பிட்டு அதே டீயை வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுபடி அதிர்கிறது. மறுபடி அமர்த்தினேன். எழுபது. எண்பது. தொண்ணூறில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது, எப்போதும் இங்கேதான் நிற்கும், தெரிந்த விஷயம்தான்.

முடிந்தது. ஓட்டு, அலாரம், அமர்த்து, அலாரம், அமர்த்து. நாலு. என் வரி இல்லாத, எடுத்து வைத்திருந்த பழைய கம்பைலரில் ஓட்டு. நூற்று ஐந்து. புதியதில் நாலு. பழையதில் தொண்ணூற்றெட்டு. புதியதில் நாலு. இந்த நாலைத்தான் நான் மத்தியானம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன், இப்போது திரையைக் கும்பிடத் தோன்றுகிறது. ஃபோனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "பரிமளா, உள்ள போயிட்டியா?" "போயிட்டு வந்தாச்சுங்க." "என்ன சொன்னே?" "கையெழுத்துப் போட்டுட்டனுங்க." பின்னால் ஏதோ டிராலி உருளும் சத்தம். "எப்ப?" "இப்பத்தான். உங்களைக் கூப்பிட்டேன், எடுக்கல. இன்னொருக்காவும் கூப்பிட்டேன். அவங்க கேக்கக் கேக்க எனக்கே தெரியலைங்க, நாலா அழுத்துனேன், என்ன அழுத்துனேன்னு. நீங்களும் அதையேதான கேட்டீங்க. போட்டுட்டு வந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு." குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, காய்கறி வாங்கிவிட்டேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சொன்னேன். கோர்வையாக வரவில்லை, கட்டில், நொடி, இரண்டாவது அலாரம் என்று எதை எதையோ சொன்னேன், நீ சரியாகத்தான் அழுத்தினாய், நீ பார்த்தது எண்பத்தேழுதான், தப்பு எங்களுடையது, என்னிடம் எல்லாம் இருக்கிறது, அந்தக் கையெழுத்து செல்லாது, நான் இப்போதே கிளம்பி வருகிறேன் என்று சொன்னேன். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றாள். என் கேள்வி, என்னிடமே. "நல்லாப் பாத்தேன்." "அலாரத்தை ரெண்டு தடவை அமத்துனாப் போதுமா? யாரு அமத்துனாலுமா?" "யாரு அமத்துனாலும்." "அந்த ஒரு பம்பு மட்டுமில்லைங்களா?" "இல்லை, அந்த மாடல் எல்லாத்துலயும் இதே..." நான் முடிப்பதற்குள் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடுகிறாள். "உள்ள எல்லாக் கட்டில்லயும் அதுதானுங்க ஓடிட்டிருக்குது." ஃபோனை வைக்கவில்லை, கையில் பிடித்துக்கொண்டே ஓடுகிறாள், மூச்சு கேட்கிறது, கதவு கேட்கிறது, சிஸ்டர் உங்களை உள்ளே விடக்கூடாது என்று ஓர் ஆண் குரல், நகருங்க என்று அவள் குரல். இங்கிருந்து அதைக் கேட்டுக்கொண்டு நான் எழுந்து நிற்கிறேன். எல்லாக் கட்டிலிலும். எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கையெழுத்து, அவள் பதிவு, அவள் மானம், என் கம்பைலர், என் நிரூபணம், இவ்வளவு நேரம் இந்தத் தலைக்குள் எத்தனையோ ஓடியது, அந்த வார்டில் ஓடிக்கொண்டிருக்கிற மற்ற பம்புகள் ஒரு நொடிகூட வரவில்லை. ஃபோனில் ஓர் அலாரம் அடிக்கிறது, தூரத்தில். நின்றது. யாரோ அமர்த்தியிருக்கிறார்கள். மறுபடி அடித்தது. "அதை அமத்தாத ஷீலா, கையை எடு, சிரிஞ்சைக் கழட்டு" என்று பரிமளா கத்துகிறாள், நான் அவள் கத்தி இதுவரை கேட்டதில்லை. பிறகு என்னென்னவோ சத்தம், ஒரு குழந்தை அழுகிறது, ஒரு ஸ்டூல் விழுகிறது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் அவள் மூச்சு, ஃபோனுக்கு மிக அருகில். "கழட்டியாச்சுங்க. காரமடைக் குழந்தை. ஒண்ணும் ஆகலை. மிச்சத்தையும் பாக்கணும், வெக்கறேன்."

வைத்துவிட்டாள். எல்லாப் பம்பையும் நிறுத்திவிட்டு, கையால் தள்ள ஆள் போட்டு, டாக்டரோடு சண்டை போட்டு, எல்லாம் முடித்துத்தான் வீட்டுக்கு வருவாள். செருப்பைக் கழற்றுவாள். தண்ணீர் குடிப்பாள். அவளுக்கு உடனே தோன்றாது, நாளைக்கோ, நாளை மறுநாள் துணி மடிக்கும்போதோ தோன்றும், இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க என்று கேட்பாள். ஒரு தடவைதான் கேட்பாள், என்னைப் போல மூன்று தடவை கேட்க மாட்டாள். தாவூத் பின்னால் வந்து நின்று, "அண்ணே, சாப்பிடலயா இன்னும்" என்கிறான். திரையில் பச்சை டிக்கோடு நாலு நிற்கிறது. ஃபோனில் தொண்ணூற்று மூன்றைப் பிடித்த படம் இருக்கிறது, அதன் ஓரத்தில் மணி மூன்று இருபது.